கோவிலம்பாக்கத்தில் இல்லாத மாடி பஸ்

அயர்லாந்திலிருந்து ஒரு மனிதர், எழுபத்தாறு வயதில், வலிக்கிற முழங்காலோடு, நான் சொன்ன ஒரு பொய்யைப் பார்க்கத் தாம்பரத்துக்கு வந்தார். இப்படி ஆரம்பித்தால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். முழுவதையும் இதுவரை என் கணவரைத் தவிர யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு செம்பாக்கத்தில், ஏரியிலிருந்து மூன்றாவது தெரு. எனக்கு பஸ் பிடிக்கும். பஸ்ஸில் போவது பிடிக்கும் என்று மட்டும் சொன்னால் போதாது, பஸ்ஸே பிடிக்கும். வண்டி எந்த கியரில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கல்லூரிக்குப் போன நாட்களில் தாம்பரத்திலிருந்து பிராட்வேக்குப் பதினெட்டு ஏ மாடி பஸ் ஓடியது. மேல்தட்டில் முன்சீட்டு கிடைக்கும் என்றால் இரண்டு சாதா பஸ்களை விட்டுவிட்டு நிற்பேன். ஜி.எஸ்.டி. ரோட்டு மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து மோதும்போது குனிந்துகொள்வேன், கண்ணாடி இருப்பது தெரிந்திருந்தும். கல்யாணத்துக்குப் பிறகு இதையெல்லாம் வெளியே சொல்லாமல் இருந்தேன். ஐம்பதை நெருங்கும் டீச்சரம்மா பஸ் படம் சேர்க்கிறாள் என்றால் ஸ்டாஃப் ரூமில் என்ன சொல்வார்கள்?

ஊரடங்கு வந்து பஸ்கள் நின்றுபோன மாதங்களில்தான் அந்த இணையக் குழுவைக் கண்டுபிடித்தேன். தெருவில் பஸ் சத்தமே இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருந்தது. யூட்யூபில் தேடினேன். ஒரு பழைய மாடி பஸ் மழையில் ஒரு மேட்டுச் சாலையில் ஏறும் வீடியோ கிடைத்தது. ஒரு மணி நேரம். யாரும் பேசவில்லை, வைப்பரும் இன்ஜினும் மட்டும். முழுவதும் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்த தொடுப்பைப் பிடித்துக்கொண்டு போனால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருக்கும் பழைய பஸ் ஆர்வலர்களின் குழு ஒன்று. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்கள். ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்ட பஸ்களை வாங்கி, கொட்டகைகளில் வைத்து, வருஷக்கணக்கில் பழுதுபார்த்து, அந்தக் காலத்து வண்ணத்தையே பூசி, ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எடுக்கிறார்கள். பழைய கண்டக்டர்கள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வந்து டிக்கெட் கிழிக்கிறார்கள். படம் எடுக்கிறவர்கள் ஃபிளாஸ்கில் டீயோடு சாலையோரம் காத்து நிற்கிறார்கள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று எனக்கு ஒரே சந்தோஷம். சேர்ந்துவிட்டேன்.

இங்கே ஓடிய மாடி பஸ்களின் அடிச்சட்டம் அவர்கள் ஊரில் பிறந்த வடிவம்தான் என்பதால் என்னிடம் நிறையக் கேட்டார்கள். நானும் நினைவில் இருந்ததையெல்லாம் எழுதினேன். ஒருநாள் ஒருவர் கேட்டார், அந்த மாடி பஸ்களில் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா என்று. எனக்குத் தெரிந்து இல்லை என்று எழுதினேன். இன்னொருவர் அதற்குக் கீழே, "பாவம், உங்கள் பக்கத்தில் எதையுமே பாதுகாப்பதில்லை," என்று எழுதியிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் அந்த 'உங்கள் பக்கத்தில்' எனக்குச் சுருக்கென்றது. ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பு, கூட வேலை செய்யும் டீச்சரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கோவிலம்பாக்கம் போனபோது எடுத்தது. ஒரு காலி மனையில் முள்வேலிக்கு அந்தப் பக்கம், சக்கரம் இல்லாத ஒரு மாடி பஸ் நின்றது. யாரோ ஏலத்தில் எடுத்து, ஹோட்டலாக மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டு அப்படியே போட்டுவிட்டார் என்றார்கள். நெற்றியில் 'தாம்பரம்' என்ற எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது எட்டிப் பார்த்தேன். மனையில் தண்ணீர் லாரிகள் நின்றன. பஸ்ஸைக் காணோம்.

அந்தப் படத்தைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவில் போட்டேன். கீழே ஒரே வரி எழுதினேன். "இன்னும் நிற்கிறது."

அவ்வளவுதான் நினைத்திருந்தேன். ஆனால் கேள்விகள் குவிந்துவிட்டன. உள்ளே போக முடியுமா? இன்ஜின் இருக்கிறதா? படிக்கட்டு எப்படி இருக்கிறது? யார் பார்த்துக்கொள்கிறார்கள்? நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒருமுறை போவதாகச் சொன்னேன். வாட்ச்மேன் எனக்குக் கதவைத் திறந்துவிடுவார் என்றேன். செடிகளை வெட்டுவதாகவும் முன்கண்ணாடியைத் துடைப்பதாகவும் எழுதினேன். கீழ்த்தட்டில் ஒரு வேப்பங்கன்று முளைத்து ஜன்னல் வழியாக வெளியே தலை நீட்டுவதாக எழுதினேன். அதைப் பிடுங்க மனம் வரவில்லை என்றும் எழுதினேன். இருபத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதெல்லாம் தானாக வந்தது. புதிய படம் கேட்டபோது, மனைக்காரர் படம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றேன். குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் 'தாம்பரம் பஸ்ஸின் காவலர்' என்று போட்டார்கள். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

அயர்லாந்துக்காரர் அந்தக் குழுவில் அதிகம் பேசாதவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து ஒரு மாடி பஸ்ஸை ஒன்பது வருஷமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தனியாக மெயில் எழுதுவார். துருவை எப்படி நிறுத்துவது, ரப்பர் பட்டை காய்ந்துபோகாமல் என்ன தடவுவது என்று எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். நான் தடவியதாகப் பதில் எழுதுவேன்.

அவருடைய மனைவி இறந்து ஒரு வருஷம் கழித்து ஒரு மெயில் வந்தது. இதுவரை கிழக்குப் பக்கமே வந்ததில்லை, டாக்டர் முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குள் ஒருதரம் வந்து அந்த பஸ்ஸைத் தொட்டுப் பார்க்க ஆசை, ஜனவரியில் வரலாமா என்று கேட்டிருந்தார்.

கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"சொல்லிடு," என்றார். "இன்னிக்கே சொல்லிடு. அவர் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி."

"எப்படிங்க சொல்றது?"

"பஸ் இல்லன்னு சொல்றது. வேற எப்படி?"

உட்கார்ந்து எழுதினேன். உங்கள் வயதில் இவ்வளவு தூரம் வேண்டாமே என்று எழுதினேன். வெயில், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதினேன். பஸ் இல்லை என்பதை மட்டும் எழுதவில்லை. ஜனவரியில் வெயில் அதிகம் இருக்காது என்று அவரே பார்த்துத் தெரிந்துகொண்டு, டிக்கெட் போட்டுவிட்டதாகப் பதில் எழுதினார். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு மாதம் இருந்தது. தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸும் முடிந்தது.

விமான நிலையத்துக்கு நானும் கணவரும் போனோம். உயரமானவர். ஊன்றுகோல் வைத்திருந்தார். தலையில் துணித்தொப்பி. கணவர் கார் பிடிக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பஸ் போகுமா?" என்றார். பெட்டியோடு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினோம். அவர் பேசும் ஆங்கிலம் முதல்நாள் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் வண்டி கிளம்பி இரண்டாவது கியரில் முனகியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் அவருக்கு அறை எடுத்திருந்தோம். அடுத்த மூன்று நாளும் நான் லீவு போட்டேன். நேரே கோவிலம்பாக்கம் போகலாமா என்று அவர் கேட்கவில்லை. நல்லதைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பஸ் பஸ்ஸாகச் சுற்றினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குக் காசில்லாத டிக்கெட்டும் அவருக்குக் காசு டிக்கெட்டும் கிடைத்தன. அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இரண்டையும் வாங்கிப் பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

இரும்புலியூர் தாண்டி ஒரு கூட்டமான பஸ்ஸில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து நகர்ந்து டிரைவருக்குப் பக்கத்தில் போய்விட்டார். கண்டக்டர் என்னிடம், "இன்னாக்கா, பெரியவரு உள்ள உட்காரமாட்டாரா? சீட்டு காலி பண்ணித் தர்றேன்," என்றார்.

"அவர் பஸ் மெக்கானிக். இன்ஜினைக் கேட்கணுமாம்."

கண்டக்டர் டிரைவரிடம் கத்தினார். "மச்சான், உன் வண்டிக்கு ஃபாரின்லருந்து மெக்கானிக் வந்துகீறாரு. ஒழுங்கா ஓட்டு!"

டிரைவர் சிரித்துக்கொண்டே பானெட்டின் மேலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "உட்காருங்க சார்," என்றார். அவர் அங்கே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், கிளட்ச் இன்னும் ஒரு மாதம்தான் தாங்கும் என்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "அத்த டிப்போல சொல்லச் சொல்லுக்கா," என்றார் டிரைவர். பஸ் முழுக்கச் சிரித்தது. அந்த நாளில் நான் பொய்யை மறந்தேவிட்டேன். அதை இப்போது நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

மூன்றாம் நாள் காலை அவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். கையில் ஒரு நீளமான பார்சல். கணவர் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பஸ்ல போறப்பவாவது சொல்லிடு," என்றார். வேளச்சேரி பஸ்ஸில் ஏறினோம். ராஜகீழ்ப்பாக்கத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே கூட்டம் ஏறியது. மேடவாக்கத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அவர் என்னிடம், அந்த வேப்பங்கன்று இப்போது எவ்வளவு உயரம் இருக்கும் என்று கேட்டார். நான் கையால் உயரம் காட்டினேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

கோவிலம்பாக்கத்தில் இறங்கி நடந்தோம். மனை அப்படியேதான் இருந்தது. முள்வேலிக்குப் பதில் தகரம். உள்ளே மூன்று தண்ணீர் லாரிகள். தரையெல்லாம் சேறு. நான் கேட்டுக்கு முன்னால் நின்று, கையை வாயில் வைத்துக்கொண்டேன். அதிர்ச்சி அடைந்தவள் மாதிரி. நடிக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

"போன மாதம்கூட இருந்தது," என்றேன். "வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது."

அவர் உள்ளே போய்ச் சேற்றில் ஊன்றுகோலைக் குத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு போல்ட், ஒரு கண்ணாடித் துண்டு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். லாரிக்கு அடியிலிருந்து ஒரு டிரைவர் எழுந்து வந்தார்.

"இன்னாக்கா தேடுறாரு?"

"இங்க ஒரு மாடி பஸ் இருந்துச்சே..."

"மாடி பஸ்ஸா? அது போயி எட்டு வருஷத்துக்கு மேல ஆவுதுக்கா. நான் இங்க வேலைக்கு வந்தப்பவே இல்ல. வெட்டி எடுத்துகினு போய்ட்டாங்கன்னு எங்க ஓனரு சொல்லுவாரு. அதுக்கா இம்மாந்தூரம் வந்தாரு?"

அயர்லாந்துக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?" என்றார்.

நான் ஆங்கில டீச்சர். லாரி டிரைவர் சொன்னதில் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

"மிகவும் வருத்தமாக இருக்கிறது என்று சொல்கிறார்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி அந்த டிரைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டிரைவர் ஒன்றும் புரியாமல் எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீயை வாங்கிக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நடிப்பில்லை. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து, "உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்," என்றார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார்.

இளவயதில் டிப்போவில் பழைய பஸ்களை வெட்டும் வேலையும் அவருக்கு இருந்ததாம். ஒரு பஸ்ஸை மட்டும் சனிக்கிழமை வரை வெட்டாமல் வைக்கும்படி ஒரு கண்டக்டர் நண்பர் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். அந்த நண்பரும் இன்னும் சிலரும் அதை வாங்கிப் பாதுகாக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் சரி என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சனிக்கிழமை ஒரு ஆட்டம் பார்க்கப் போகவேண்டி இருந்ததால், அன்றைக்கு வேலை மிச்சம் இருக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமையே அதை வெட்டிவிட்டார். மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டது என்று நண்பரிடம் சொன்னார்.

"அவன் நம்பினான்," என்றார். "எனக்கு ஆறுதல்கூடச் சொன்னான், உத்தரவுக்கு நீ என்ன செய்வாய் என்று. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செத்துப்போனான். அவனிடம் சொல்லவே இல்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது உங்களுக்கு என்ன போயிற்று என்று எனக்குத் தெரியும்."

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். நானும் அப்படித்தான், எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். டீ ஆறிப்போய் ஆடை படிந்தது. நான் அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பார்சலைப் பிரித்தார். அவர்கள் ஊர் பஸ்களில் நெற்றியில் ஒரு துணிச்சுருள் இருக்கும். உள்ளேயிருந்து கைப்பிடியைச் சுற்றினால் ஊர்ப்பெயர் மாறும். அப்படி ஒரு சுருளை என் பஸ்ஸுக்காகச் செய்து கொண்டுவந்திருந்தார். கறுப்புத் துணியில் வெள்ளை எழுத்து. என் படத்தைப் பெரிதாக்கியும், மற்ற ஊர்களை இணையத்தில் தேடியும், எழுத்து எழுத்தாகப் பார்த்து, அவருடைய நண்பர் கையால் எழுதியதாம். தாம்பரம். பல்லாவரம். கிண்டி. பிராட்வே. 'ம்' மேல் புள்ளி ஒன்றுகூட விடுபடவில்லை. தமிழ் தெரியாதவர்கள் எழுதியது.

"மாட்ட வண்டி இல்லை. ஆனாலும் உங்களிடமே இருக்கட்டும்," என்றார்.

கணவர் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அன்று அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த நாளும்.

அயர்லாந்துக்காரர் ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய சங்கப் பத்திரிகை தபாலில் வந்தது. தாம்பரம் பற்றி அவர் எழுதியிருந்தார். கண்டக்டர், பானெட் சீட்டு, கிளட்ச் எல்லாம் இருந்தது. கடைசியில் நான் அந்தச் சேற்று மனையில் முதுகைக் காட்டி நிற்கும் படம். எப்போது எடுத்தார் என்றே எனக்குத் தெரியாது. 'யாரும் கேட்காமலே ஒரு பஸ்ஸைக் காத்து நின்ற பெண்' என்று கீழே எழுதியிருந்தது. குழுவில் எனக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன, வீட்டில் ஒருவர் இறந்ததுபோல. பிறகு ஒரு அழைப்பும் வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் வீடியோ வழியாக என் பஸ்ஸைப் பற்றி இருபது நிமிஷம் பேச வேண்டும்.

என்னால் முடிந்திருக்கும். அதுதான் பயமாக இருந்தது. குறிப்பு எடுக்க உட்கார்ந்தபோது, கேட்பவர்கள் கண் கலங்கும்படியான ஒரு முதல் வரி உடனே மனதில் வந்துவிட்டது. நோட்டை மூடினேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் அயர்லாந்துக்காரருக்கு ஃபோன் செய்தேன். அவர் ஊரில் காலை நேரம். கொட்டகையில் இருந்தார், பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. எப்படியெப்படியோ சொல்லத் திட்டமிட்டிருந்தேன். எதுவும் வரவில்லை. "பஸ் இல்லை," என்றேன். "போன மாதம் வெட்டவில்லை. நான் குழுவில் படம் போடுவதற்குப் பல வருஷம் முன்பே வெட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்."

அவர் கொட்டகையைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். சுத்தியல் சத்தம் நின்றது, காற்றுச் சத்தம் வந்தது.

"அந்த லாரி டிரைவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

சொன்னேன். இந்தத் தடவை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். "அதுக்கா இம்மாந்தூரம் வந்தாரு" என்பதையும் சேர்த்து.

"நான் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னபோது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?"

"சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்."

"நினைத்தீர்கள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சுருளைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றேன். "அதில் உங்கள் ஊர் பெயர்தானே இருக்கிறது. இங்கே எந்த வண்டியில் மாட்டுவது?" என்றார். மற்றவர்களிடம் தானே சொல்லிவிடவா என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். "இன்றைக்கே," என்றார். வைத்துவிட்டார்.

அன்றைக்கே எழுதினேன். அழகாக எழுதவில்லை. படம் எந்த வருஷம் எடுத்தது, பஸ் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரிந்தது, எது எதெல்லாம் பொய் என்று மட்டும் எழுதினேன். சிலர் திட்டினார்கள். ஒருவர், நாங்கள் ஏதாவது சொல்லி உங்களை அப்படிப் பேச வைத்துவிட்டோமோ என்று கேட்டார். அதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்கள்மேல் பழியைப் போட வழி கிடைத்துவிடும் என்று பயந்தேன். ஒருவர் கேட்டது மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரே வரி. "வேப்பங்கன்றும் பொய்யா?"

ஆம் என்று எழுதினேன். என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

அன்று கணவர் டீ போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். "இவ்ளோ நாள் தூக்கிட்டு அலைஞ்சியே," என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் தூக்கிக்கொண்டு அலைந்தது நான் இல்லை. பெட்டியும் பார்சலும் ஊன்றுகோலுமாக அலைந்தவர் வேறொருவர். அதைக் கணவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அயர்லாந்துக்காரரிடமிருந்து ஆறு மாதம் ஒன்றும் வரவில்லை. நானும் எழுதவில்லை, எழுதினால் மன்னிப்பை வசூலிக்கப் போனதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. இடையில் குழுவில் அவர்களுடைய பஸ்ஸின் படம் வந்தது. வேலை முடிந்து, வண்ணம் பூசி, முதல்முறையாகச் சாலையில் ஓட்டியிருக்கிறார்கள். அவர் படியில் தொப்பியோடு நிற்கிறார். எல்லோரும் வாழ்த்தியிருந்தார்கள். நான் கீழே வாழ்த்து எழுதி, அழித்து, கடைசியில் எழுதாமலே விட்டுவிட்டேன்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு சின்ன மெயில் வந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் படியேற விடவில்லை, அதனால் பஸ்ஸின் கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்து போகவேண்டி இருக்கிறது என்று எழுதியிருந்தார். இறந்துபோன அந்தக் கண்டக்டர் நண்பரின் மகளைத் தேடிப்பிடித்து, வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று எழுதவில்லை. கடைசியில், தாம்பரத்தில் இப்போது எந்த பஸ்ஸெல்லாம் ஓடுகிறது என்று கேட்டிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் மாலை பள்ளி விட்டதும் கிழக்குத் தாம்பரம் பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்றேன். வந்த பஸ்களையெல்லாம் நோட்டில் எழுதினேன். இரண்டு வண்டிகளின் எண் கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவருக்குப் பட்டியல் அனுப்பும்போது, அந்த இரண்டுக்கும் பக்கத்தில், சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதி அனுப்பினேன்.